நத்தைக்குத்தி நாரை செத்துப்போனது – நான் என்ன தவறு செய்தேன்?

படுகைக்காரன் (பாபநாசம் பக்கம்)
ஜனவரி 8, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் நெல், தண்ணீர், மதகு என்றுதான் இதுவரை எழுதியிருக்கிறேன். இன்று வேறு விஷயம்.

போன ஞாயிறு காலை சம்பா வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனேன். வாய்க்காலில் யாரோ மீனுக்குக் கட்டிவிட்டு மறந்துபோன தங்கூசி (மெல்லிய நைலான் நரம்பு) வலையில் ஒரு நத்தைக்குத்தி நாரை மாட்டிக் கிடந்தது. ஒரு பக்க இறக்கை முழுக்கச் சுற்றியிருந்தது. வரப்பில் உட்கார்ந்து அரிவாள் நுனியால் கண்ணி கண்ணியாக அறுத்தேன், அரை மணி நேரம் ஆனது. இறக்கைக்கு அடியில் தங்கூசி இறங்கியிருந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள், ஆளுக்கு ஒரு போட்டோ. அலகைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். அந்த நாரையின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஊற்றியதில் பாதி அந்த வழியாகவே வெளியே வந்துவிட்டது. அப்புறம் பாலில் நனைத்த ரொட்டி கொடுத்தோம். ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். "ஆள் வரும்" என்றார்கள். வரவில்லை. மறுநாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது.

இரண்டு கேள்வி. நான் செய்ததில் எது தவறு? இன்னொன்று, நாங்கள் ஊரில் 12 பேர் ஆளுக்கு மாதம் 500 ரூபாய் போட்டு, அடிபட்ட பறவை, விலங்குகளுக்கு ஒரு மீட்பு மையம் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் பழைய மாட்டுக்கொட்டகை சும்மாதான் கிடக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

வடுவூரான்
ஜனவரி 8, இரவு 10:05

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அண்ணே. எங்கள் ஏரியில் இப்போது மரத்துக்கு மரம் நாரைதான். 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்தார்கள் என்று பலகை வைத்திருக்கிறோம். ஏரிக்குள் யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் இரை தேட அவை வயலுக்குத்தானே போயாக வேண்டும்.

சும்மா_ஒரு_ஆள்
ஜனவரி 8, இரவு 10:31

இயற்கையில் சாவதும் பிழைப்பதும் நடப்பதுதான். மனிதன் ஏன் நடுவில் போக வேண்டும்? அப்படியே விட்டிருக்கலாம்.

படுகைக்காரன்
ஜனவரி 8, இரவு 10:34

தங்கூசி வலை எந்த மரத்தில் காய்க்கிறது தம்பி?

மாட்டாஸ்பத்திரி (கால்நடை மருத்துவர்)
ஜனவரி 9, காலை 6:15

படுகைக்காரன், நீங்கள் வலையை அறுத்தது வரை எல்லாம் சரி. கையால் இழுக்காமல் அறுத்தீர்களே, அதைப் பலர் செய்வதில்லை. மற்றதைக் கேட்டதால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தண்ணீர். பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னாலேயே ஒரு சின்னத் துவாரம் திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல் வாய். நமக்கு விழுங்கும்போது அதை மூடிக்கொள்ள ஒரு மடல் இருக்கிறது, பறவைக்குக் கிடையாது. மயங்கிக் கிடக்கிற பறவைக்கு டம்ளரால் ஊற்றினால் பாதி நுரையீரலுக்குத்தான் போகும். எங்களிடம் வருகிற கொக்கு, கிளி, மயில் பலவற்றில் காயத்தைவிட இந்தத் தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. மூச்சு விடும்போது களகளவென்று சத்தம் கேட்கும், கேட்டதுமே தெரிந்துவிடும்.

பால் எந்தப் பறவைக்கும் ஆகாது, செரிக்காது. நாரைக்கு ரொட்டியும் சாப்பாடு இல்லை. உடம்பு சூடு குறைந்து, நீர் வற்றிக் கிடக்கிற உயிருக்கு முதல் நாளே வயிற்றுக்குள் எதையும் திணிக்கக் கூடாது. சூடு, அப்புறம் ஊசி வழியாக நீர், அதற்கும் அப்புறம்தான் தீனி. இந்த வரிசையை மாற்றினால் நல்ல தீனியே கொன்றுவிடும்.

பிறகு அந்தக் கூட்டம். நாம் காப்பாற்றுகிறோம் என்று அதற்குத் தெரியாது. சுற்றி நிற்கிற ஒவ்வொரு முகமும் அதற்குத் தின்ன வந்த மிருகம்தான். அட்டைப்பெட்டி ஒன்று, பக்கவாட்டில் நான்கைந்து ஓட்டை, அடியில் பழைய துணி, மேலே மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத அறை. முதல் ஒரு மணி நேரத்துக்கு இதுதான் மருந்து. நாரை, கொக்கு, வக்கா (இராக்கொக்கு) இவற்றைத் தூக்கும்போது முதலில் அலகைப் பிடியுங்கள், கண்ணைக் குறிபார்த்துக் குத்தும். ஆனால் அலகை டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள், கக்கினால் மூச்சு அடைத்துப்போகும்.

எலும்பு வெளியே தெரிந்த இறக்கை என்றால், என்னிடம் அன்றே வந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் மையம். வேண்டாம் என்பேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவை அரசின் சொத்து. கையில் வந்து சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று 39-வது பிரிவு சொல்கிறது. நல்ல மனதோடு கொட்டகையில் நான்கு நாரை வைத்திருந்தாலும் சட்டத்தில் அதற்குத் தனிக் கணக்கு இல்லை. அனுமதி வாங்கினாலும் டாக்டர், மருந்து, மீன், ஆள் எல்லாம் தினப்படி வேண்டும். மாதம் 6,000 ரூபாயில் ஓடாது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊருக்கு ஊர் மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. நம் பக்கத்தில் பாதி உயிர்கள் வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவிலேயே செத்துப்போகின்றன. அந்த 6,000-ஐ அந்த நடுவில் போடுங்கள்.

கோடிக்கரைப்_பையன்
ஜனவரி 9, காலை 8:50

டாக்டர் சொன்ன கூட்டம் விஷயத்துக்கு ஒரு சாட்சி. எங்கள் ஊரில் ஒரு வெளிமானை நாய்கள் துரத்திக்கொண்டு வந்து தெருவுக்குள் தள்ளிவிட்டன. நாய்களை விரட்டிவிட்டு நாங்கள் பத்துப் பேர் மானைப் பிடித்து அமுக்கிக்கொண்டோம். மேலே ஒரு கீறல் இல்லை. கால் மட்டும் விறைத்துக்கொண்டே வந்தது. தடவிக் கொடுத்தோம், தலையில் தண்ணீர் தெளித்தோம், வீடியோவும் எடுத்தோம். வனத்துறை வண்டி வந்து சேருவதற்குள் செத்துவிட்டது. நாய் கடிக்காத மான் எப்படிச் செத்தது என்று இன்றுவரை எங்கள் ஊரில் பேசுகிறார்கள்.

2018 நவம்பர் 16 கஜா புயலில் சரணாலயத்து மான்கள் செத்துக் கரை ஒதுங்கியதைப் பார்த்தவன் நான். அப்போதுகூட இவ்வளவு குற்ற உணர்ச்சி இல்லை.

மாட்டாஸ்பத்திரி
ஜனவரி 9, காலை 9:20

பயந்து ஓடி, பிடிபட்டுத் திமிறும்போது தசையே சிதைய ஆரம்பித்துவிடும் தம்பி. அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் அடிக்கும். மான் இனத்தில் இது அதிகம். சில சமயம் பிடித்துவிட்டு அனுப்பிய மான் நான்கு நாள் கழித்துக்கூடச் சாகும். அடுத்த முறை கண்ணைத் துணியால் மூடுங்கள், சத்தம் போடாதீர்கள், தடவாதீர்கள். தடவுவது நமக்குத்தான் ஆறுதல். காயம் இல்லாத மான் என்றால் நாயைத் துரத்திவிட்டு ஒதுங்கி வழி விட்டாலே போதும்.

வெட்டாத்தங்கரை
ஜனவரி 9, மதியம் 1:12

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. விவசாயி பக்கம் யாராவது பேசுவீர்களா? எங்கள் பக்கம் நான் சின்னப் பையனாக இருந்தபோது மயில் என்றால் முருகன் கோயில் படத்தில்தான். இப்போது விதை விட்ட நாற்றங்காலில் காலையில் பதினைந்து நிற்கிறது. மயில் செத்தால் எனக்கு 3 முதல் 7 வருஷம் சிறை. என் நாற்று செத்தால் யாருக்கு என்ன?

மாட்டாஸ்பத்திரி
ஜனவரி 9, மதியம் 1:40

கேள்வி நியாயமானது. என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், மருந்து கலந்த நெல்லை வரப்பில் வைக்காதீர்கள். மயிலோடு நிற்காது. புறா, மைனா, அதைத் தின்னும் நாய் என்று போய்க்கொண்டே இருக்கும்.

வெட்டாத்தங்கரை
ஜனவரி 9, மதியம் 1:52

நான் வைக்கவில்லை சார். வைக்கிறவர்களைத் தெரியும். எலிக்கு மட்டும் வைப்பேன்.

வக்கா_அக்கா (மன்னார்குடி)
ஜனவரி 9, மாலை 5:30

எலிக்கு வைக்கிற கேக் மருந்தும் அங்கேயே நிற்பதில்லை தம்பி. மருந்து தின்ற எலி உடனே சாகாது, இரண்டு மூன்று நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அந்தத் தள்ளாடுகிற எலியைத்தான் கூகை சுலபமாகத் தூக்கும். கூகைக்கும் உள்ளே ரத்தம் கசிய ஆரம்பிக்கும். டாக்டரிடம் ஒன்றைக் கொண்டுபோனபோது அலகோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது, வெளிக்காயம் எதுவும் இல்லை. வைட்டமின் கே ஊசி போட்டார். அது பிழைக்கவில்லை. உங்களுக்காக ராத்திரி முழுக்க எலி பிடித்துக் கொண்டிருந்த ஆளை நீங்களே கொன்றுவிடுகிறீர்கள். நம் தாத்தாக்கள் வைத்த மூங்கில் கிட்டி எலியை மட்டும்தான் பிடித்தது.

சரி, நான் எழுத வந்தது வேறு. மீட்பு என்பது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வருகிற நாட்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. என் பெயருக்குக் காரணமான வக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

குளத்தங்கரையில் காற்றாடி நூலில் தொங்கியது. இறக்கை எலும்பு முறிவு, தோல் கிழியவில்லை. வனத்துறையில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொன்னபடி டாக்டர் மேற்பார்வையில் என் வீட்டுப் பின்கட்டில் வைத்திருந்தேன். மொத்தம் 41 நாள்.

இறக்கையை எட்டு வடிவில் கட்டிவிட்டார். கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. அப்படியே விட்டால் எலும்பு கூடிவிடும், மூட்டு இறுகிவிடும். இறுகிய மூட்டோடு பறக்க முடியாது. அதனால் சில நாளுக்கு ஒரு முறை அவிழ்த்து, இறக்கையை மெல்ல விரித்து மடக்கி, மறுபடி கட்ட வேண்டும். டாக்டர் செய்வார், நான் தலையில் துணி போட்டுப் பிடித்துக்கொள்வேன். கண் மறைந்ததும் சட்டென்று அடங்கிவிடும். ஆனால் வக்கா பயந்தால் செய்கிற முதல் வேலை, தின்ற மீனையெல்லாம் கக்குவது. பாதி செரித்த கெண்டைக்குஞ்சு புடவையில் விழுந்தால் மூன்று துவைப்புக்குப் போகாது. என் வீட்டுக்காரர் அந்த மாதம் பின்கட்டுப் பக்கமே வரவில்லை.

கம்பிவலைக் கூண்டில் வைத்தது என் தவறு. நான்கே நாளில் வால் இறகும் இறக்கை நுனியும் உரசி உரசிப் பிய்ந்துபோயின. டாக்டர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நாற்றுப் பண்ணையில் போடும் பச்சை நிழல்வலையை உள்பக்கம் சுற்றிலும் கட்டினேன். இறகில் ஒரு விஷயம் உண்டு. வேரோடு பிடுங்கிய இறகு சில வாரத்தில் புதிதாக முளைத்துவிடும். வெட்டிய இறகு அப்படி இல்லை, அடுத்த இறகுதிர்வு வரை குச்சியாகவே நிற்கும். வேட்டைக்காரர்களிடமிருந்து பிடித்த கொக்குகளைச் சில மாதம் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

தீனி உயிர் மீன்தான். அன்னக்கூடையில் தண்ணீர் விட்டு உள்ளே விட்டுவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். கையால் ஊட்டவில்லை, பெயர் வைக்கவில்லை, பேரன் பேத்தியை உள்ளே விடவில்லை. மனிதனைக் கண்டால் பயப்படாத வக்கா வெளியே போய் ஒரு வாரம் தாங்காது.

42-வது நாள் அதே குளத்தங்கரைக்குக் கொண்டுபோனோம். இரவில் இரை தேடும் பறவை, அதனால் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம். பெட்டியைத் திறந்ததும் ஐந்து நிமிஷம் வெளியே வரவில்லை. அப்புறம் தாழப் பறந்து எதிர்க்கரைக் கருவேலத்தில் உட்கார்ந்தது. போகும்போது எங்கள் தலைக்கு மேல் எச்சம் போட்டுவிட்டுத்தான் போனது.

பச்சைக்கிளி_பாசம்
ஜனவரி 9, மாலை 6:02

அருமை அக்கா! நானும் மரத்திலிருந்து விழுந்த ஒரு கிளிக்குஞ்சை எடுத்து இரண்டு வருஷமாக வளர்க்கிறேன். அம்மா என்று கூப்பிடும்.

வக்கா_அக்கா
ஜனவரி 9, மாலை 6:20

கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். விழுந்த குஞ்சை அன்றே மரத்தில் திருப்பி வைத்திருக்கலாம். கூடு எட்டாவிட்டால் ஒரு பனையோலைப் பெட்டியை அதே மரத்தில் கட்டி உள்ளே விட்டாலும் தாய் வந்து இரை கொடுக்கும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு.

பச்சைக்கிளி_பாசம்
ஜனவரி 9, மாலை 6:24

இப்போது விட்டால் பிழைக்குமா?

வக்கா_அக்கா
ஜனவரி 9, மாலை 6:31

அப்படியே திறந்துவிட்டால் பிழைக்காது. வனத்துறையில் ஒப்படையுங்கள்.

ஆத்தூர்_அறுவடை
ஜனவரி 10, இரவு 11:45

நான் அறுவடை மிஷின் ஓட்டுபவன். சேலம் மாவட்டம், வருஷா வருஷம் தை மாசம் டெல்டாவுக்கு வருவேன். படிப்பதோடு சரி, எழுதியதில்லை.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை வந்தது அல்லவா, அதற்கு அப்புறம் வயலில் கோடு போட்ட குட்டி எது கிடைத்தாலும் சிறுத்தைக் குட்டி என்று ஊரே கூடிவிடுகிறது. அதெல்லாம் காட்டுப்பூனைக் குட்டி. போன வருஷம் நடு வயலில் மூன்று கிடந்தன, கண் இப்போதுதான் திறந்திருந்தது. மிஷினை நிறுத்தி இறங்கினேன். அதற்குள் ஒருத்தர் வேட்டியில் எடுத்துக் கட்டிக்கொண்டார், வளர்க்கிறாராம். வாங்கி ஒரு வெங்காயக் கூடையில் போட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன். அந்த மூலையில் கால் மா அளவு அறுக்காமல் விட்டுவிட்டு மீதியை முடித்தேன். முதலாளி முறைத்தார். மணிக்கணக்கில்தானே வாடகை, நாளைக் காலையில் பத்து நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன்.

ராத்திரி மிஷினிலேயே படுத்திருந்தேன். இரண்டு மணி இருக்கும், தாய் வந்தது. கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றைக் கவ்விக்கொண்டு மூங்கில் புதர்ப் பக்கம் போனது. விடிவதற்குள் கூடை காலி. ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

படுகைக்காரன்
ஜனவரி 11, காலை 5:50

ஆத்தூர் அண்ணே, எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் என் வயலை நீங்கள்தான் அறுக்க வேண்டும்.

நாகை_நடுக்கடல்
ஜனவரி 11, மாலை 4:10

கடல் பக்கமும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பங்குனி ஆமை கரைக்கு வருகிற காலம். இழுவலையில் மாட்டி மேலே வரும்போது அசையாமல் கிடக்கும், செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். எல்லாம் செத்ததில்லை. மூச்சு முட்டி மயங்கியதும் இருக்கும், அப்படியே தண்ணீரில் போட்டால் அப்போதுதான் சாகும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் விட வேண்டும். நாலு மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். என் படகில் ஒன்று ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கிடந்து விடியற்காலையில் துடுப்பால் என் முழங்காலில் ஓர் அறை விட்டது. அவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் அடி வாங்கியதில்லை.

சும்மா_ஒரு_ஆள்
ஜனவரி 11, இரவு 8:00

டாக்டருக்கு ஒரு கேள்வி. பிழைக்காது என்று தெரிந்தால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவீர்களாமே? காப்பாற்றச் சொல்லித்தானே கொண்டுவருகிறார்கள்?

மாட்டாஸ்பத்திரி
ஜனவரி 11, இரவு 10:15

சில சமயம் அந்த முடிவு வரும். நான் மட்டும் எடுப்பதில்லை, வனத்துறைக்குத் தெரிவித்து அவர்கள் சம்மதத்தோடுதான். தோள்மூட்டு நொறுங்கிய பருந்தை உயிரோடு வைத்திருக்க என்னால் முடியும். பத்து வருஷம் கூண்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைக் காப்பாற்றியதாக நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கோடிக்கரைப்_பையன்
ஜனவரி 12, காலை 7:30

ஒரு சின்ன விஷயம். பறவை எடுத்தால் காலைப் பாருங்கள். எங்கள் ஊரில் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையம் போடுவார்கள். அலுமினிய வளையம் இருந்தால் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், பறவை உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள்.

படுகைக்காரன்
ஜனவரி 14, இரவு 7:20

எல்லாவற்றையும் எங்கள் 12 பேருக்கும் படித்துக் காட்டினேன். மையம் கைவிடப்பட்டது. மாட்டுக்கொட்டகையில் மாடே கட்டப்போகிறோம்.

6,000 ரூபாயில் இப்போதைக்கு இவ்வளவு. டீக்கடை, உரக்கடை, ரைஸ்மில் மூன்று இடத்தில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணி, ஒரு கத்தரிக்கோல், மூடியின் மேல் வனத்துறை நம்பர். ஆட்டோ ஓட்டும் இரண்டு பேரிடம் பேசி வைத்திருக்கிறோம், ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார்கள், டீசல் எங்கள் கணக்கு. மீதிப் பணத்தில் பெரும்பகுதி வக்கா அக்கா சொன்ன மீனுக்கு, டாக்டரிடம் யாராவது உள்நோயாளி இருந்தால். மாசத்தில் ஒரு ஞாயிறு வாய்க்கால் நெடுக நடந்து கேட்பாரற்றுக் கிடக்கிற தங்கூசி வலைகளைப் பிடுங்குகிறோம். முதல் நடையிலேயே ஒரு சாக்கு நிறைந்தது. அதில் ஒரு சாரைப்பாம்பும் உயிரோடு இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். அவர்கள் கத்தரிக்கோலைக் கேட்டபோது எங்களுக்கு ஒரே பெருமை.

வெட்டாத்தங்கரை
ஜனவரி 14, இரவு 8:05

நம் பக்கத்துக்கும் ஒரு பெட்டி கொடுங்கள். உரக்கடையில் நான் சொல்லி வைக்கிறேன். மயிலுக்கு இல்லை, கூகைக்கு.

படுகைக்காரன்
மார்ச் 2, காலை 9:15

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நேற்று ராத்திரி ஒரு நத்தைக்குத்தி. கரண்ட் கம்பியில் மோதி வைக்கோல் போரில் விழுந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, போட்டோ எடுக்கவில்லை, 50 நிமிஷத்தில் டாக்டரிடம் போய்விட்டது. எலும்பு முறிவு இல்லை, அதிர்ச்சிதான் என்கிறார். கண்காணிப்பில் இருக்கிறது.

ஒரு சிக்கல். டீக்கடைப் பெட்டியில் பறவையைக் காலை மடக்கித்தான் உட்காரவைக்க முடிந்தது. நாரைக்கு அப்படி நெடுநேரம் ஆகாது என்று டாக்டர் திட்டினார். ரைஸ்மில் பெட்டியை யாரோ முட்டை அடுக்க எடுத்துப்போய்விட்டார்கள்.

வெட்டாத்தங்கரை
மார்ச் 2, காலை 9:40

எங்கள் வீட்டில் டிவி வந்த பெட்டி இருக்கிறது. போதுமா?

வக்கா_அக்கா
மார்ச் 2, காலை 9:44

அது அகலம்தான் தம்பி, உயரம் இருக்காது. பிரிட்ஜ் பெட்டி கிடைக்குமா பாருங்கள்.